ஒட்டுத்துணியும் ஞாயிற்றுக்கிழமையும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் பண்ணினால் இவள் ஏன் எடுப்பதே இல்லை என்று வகுப்பில் ரொம்ப நாளாக ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை "குயில்ட் தைக்கிறேன்" என்று சொன்னேன். அன்றிலிருந்து என் பெயரே குயில் ஆகிவிட்டது. :-) ஆகவே மக்களே, இந்தக் குயில் என்னதான் செய்கிறது என்று ஒரேயடியாக விளக்கிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குயில்ட் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மூன்று அடுக்குத் துணி. மேலே சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்த ஒட்டு. நடுவில் பஞ்சு அடுக்கு. அடியில் முழுத்துணி. மூன்றையும் சேர்த்து நெருக்கமாக நூலோட்டினால் முடிந்தது. குளிர் தேசங்களில் நடு அடுக்கு தடிமனாக இருக்கும். பூதலூர் சித்திரை வெயிலில் அப்படி ஒன்றைப் போர்த்தினால் நேராக ஆஸ்பத்திரிதான். அதனால் நாங்கள் நடுவில் பழைய வேட்டி, அடியில் நைந்த நூல் புடவை வைக்கிறோம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. வங்காளத்துக் காந்தா வேலையிலும் பஞ்சு கிடையாது. பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஓட்டுத்தையல் போடுவார்கள். தைக்கும் நூலைக்கூட அந்தப் பழைய புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வது அங்கே வழக்கம். துணியும் அதுவே, நூலும் அதுவே. என்ன சிக்கனம் பாருங்கள்!

சரி, 'நாங்கள்' என்றால் யார் யார்? எங்கள் தெரு டெய்லர் அக்கா, எதிர்வீட்டு அத்தை, இரண்டு சித்திகள், என் அப்பாயி, அப்புறம் நான். இடம் டெய்லர் அக்கா வீட்டுத் திண்ணை. ஜாக்கெட், சுடிதார் வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை அக்கா சாக்கில் போட்டு வைத்திருப்பார். சாக்கு நிறைந்தால் குப்பைக்குப் போகும். ஒரு கோடை விடுமுறையில் அந்தச் சாக்கை நான் கேட்டு வாங்கினேன். ஒருத்தியாக உட்கார்ந்து தைத்தேன், சலிப்பாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக "என்னடி பண்ற?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்கள். எழுந்து போகவில்லை.

நாங்கள் தைப்பது சின்ன விரிப்புதான். 24 அங்குலத்துக்கு 24 அங்குலம், கைக்குழந்தையைக் கிடத்தும் அளவு. மூன்று அங்குலச் சதுரம் வரிசைக்கு எட்டாக, எட்டு வரிசை, ஆக 64 துண்டு. மடியில் வைத்தே தைக்கலாம், நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டை மட்டும் தலைகீழாகப் புரட்டினால் நல்ல நூல்துணியில் நாலு நிறம் தேறும். 64 துண்டுக்கு வேண்டிய நிறமும் பூவும் கட்டமும் ஆறு வீட்டிலிருந்து வந்தால்தான் கிடைக்கும். தனியாகத் தைக்கலாம், ஆனால் அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.

எல்லா மாதமும் கூட்டம் சேராது. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. கல்லணைக்குத் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கினால் சித்திகள் இருவரும் வயலில் இருப்பார்கள். சம்பா நடவிலும் அப்படித்தான். தை அறுவடை முடிந்த பிறகுதான் திண்ணை மறுபடி நிறையும். காவிரிதான் எங்கள் குயில்ட்டுக்கும் நேரம் குறிக்கிறது என்று சொன்னால் சிரிக்காதீர்கள், உண்மை.

இப்போது கொஞ்சம் கணக்கு. (கணக்கு என்றதும் ஓடுபவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம்!) மூன்று அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் மூன்றரை அங்குலமாக வெட்ட வேண்டும். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி சாக்கால் கோடு போடுவோம். கால் அங்குலத்துக்குப் பதில் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போனால் என்ன ஆகும்? ஒரு தையலில் இரண்டு ஓரம் சேர்கிறது, ஆகவே எட்டில் ஒரு பங்கு குறையும். எட்டுத் துண்டு வரிசையில் ஏழு தையல். மொத்தம் எட்டில் ஏழு பங்கு, ஏறக்குறைய ஒரு அங்குலம் காணாமல் போயிருக்கும்! ஒரு வரிசையை டெய்லர் அக்காவும் அடுத்ததை அப்பாயியும் தைத்தால் இரண்டும் பொருந்தாது. அதனால் யார் தைத்தாலும் அட்டை ஒன்று, கோடு ஒன்று. சேர்ந்து தைப்பதில் இருக்கும் ஒரே கட்டுப்பாடு அதுதான். மற்றபடி யார் எந்த நிறத்தை எங்கே வைத்தாலும் கேள்வி கிடையாது.

அட்டையும் கோடும் பிடிக்காதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி இன மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் தைக்கும் விரிப்புக்குக் கவந்தி என்று பெயர். முன்கூட்டி வெட்டி இணைப்பதே இல்லை. அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, கைக்கு வந்த துண்டை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியால் முக்கோணம் வைப்பார்கள், அதற்குப் பூ என்று அர்த்தம் வரும் பெயர். அது இல்லாத விரிப்பு உடுத்தாத உடம்பு மாதிரியாம். நான் இதைச் சொன்னதும் அப்பாயி, "நல்ல சனங்கடி, கடைசியில பூ வச்சு அனுப்புதுங்க" என்றார். அடுத்த விரிப்பை அப்பாயி அப்படியே தைத்தார், அட்டையைத் தொடவே இல்லை.

இந்த அப்பாயிதான் முதலில் இதற்கு எதிரி. "ஒட்டுப் போட்ட துணிய ஊர் பாக்க விரிக்கிறதா? நான் ஒட்டுப் போட்டா தெரியாம போடுவேன்" என்றார். அவர் காலத்தில் ஒட்டு என்பது இல்லாமையின் அடையாளம். முழங்கை கிழிந்தால் அதே நிறத்துணி தேடி, உள்பக்கமாக வைத்து, தையல் தெரியாமல் இழுத்துவிட வேண்டும். மறைப்பதில்தான் கைத்திறன். நானோ சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்து, ஒட்டு ஒட்டாகவே தெரியட்டும் என்று தைக்கிறேன். கஷ்டப்பட்டு மறைத்தவரிடம் போய் இதைக் காட்டுவது எவ்வளவு சுலபமான ஆடம்பரம் என்று எனக்கும் உறைக்காமல் இல்லை.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஜில்லாவில் ஒட்டுவேலைக்குப் பஞ்சமே இல்லை. தேரில் தொங்குகிறதே தொம்பை, அது என்ன? ஒரு நிறத் துணியின் மேல் இன்னொரு நிறத் துணியை உருவமாக வெட்டி வைத்துத் தைத்ததுதானே! சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை என்று கண்ணைப் பறிக்கும். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் தலைமுறைகளாகச் செய்யும் வேலை அது. திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நின்றால் 96 அடி. அதில் மரவேலை சுமார் 30 அடிதான், மீதி உயரத்தைத் தூக்கிக் காட்டுவது மூங்கிலும் துணியும். 2015 ஏப்ரல் 29 அன்று தஞ்சைப் பெரிய கோயில் தேர் சுமார் நூறு வருஷத்துக்குப் பிறகு ஓடியபோது மொத்த ஊரும் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டதே, அந்த அலங்காரத்தில் எத்தனை தையல் இருந்திருக்கும்! சாமி தேரில் ஒட்டு அழகு, சித்தி முழங்கையில் ஒட்டு வெட்கம். துணி ஒன்றுதான்.

வெளியூரிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வேலைக்குப் போட்டுத் தேய்ந்த துணிகளைக் கிழித்துக் குளிருக்காகத் தைத்த குயில்ட்டுகள் 2002-ல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் சுவரில் ஏறின. 2006-ல் அவற்றைத் தபால்தலையாகவே போட்டார்கள். சுவரில் ஏறிய அன்று துணி மாறிவிடவில்லை, பார்க்கிறவர்கள்தான் மாறினார்கள்.

அப்படியானால் எது கந்தல்? நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கிழிந்தது, அழுக்கானது, அங்கே யாரும் உடுத்தாத மாதிரி உடைகள். எல்லாம் இழந்த மீனவக் குடும்பங்கள்கூட அதைத் தொடவில்லை, சாலையோரம் குவிந்து கிடந்தது. டெல்லியில் அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கிய கூஞ்ஜ் அமைப்பு, அப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த துணிகளைத் தரம் பிரிக்கும் வேலையில் இறங்கியது. பழந்துணியில் சுஜ்னி விரிப்புகள் தைப்பதும் அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தைப் புரட்டிப்போட்டபோது எங்கள் தெருவிலும் துணி சேர்த்தார்கள். அப்பாயி ஒரே ஒரு புடவை கொடுத்தார். அதைத் துவைத்து, முந்தானைக் கிழிசலைத் தைத்து, மடித்து, தலையணைக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்து மடிப்பு பதிந்த பிறகுதான் கொடுத்தார். எனக்கு இப்போது தோன்றுவது இதுதான்: யாரும் ஒரு பொழுதுகூட உட்கார்ந்து கவனிக்காமல் தள்ளிவிட்ட துணிதான் கந்தல். பழசு புதுசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"இதை வித்தா என்ன?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு விரிப்புக்கு 24 மணி நேரம் ஆகிறது, அதாவது மூன்று நாள் வேலை. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி நாளுக்கு 336 ரூபாய். மூன்று நாளுக்கு 1008. சாமி எண்ணாகவே வந்துவிட்டது! நூல், ஊசி, டீச்செலவு தனி. இரண்டடித் துணிக்கு யார் அந்த விலை கொடுப்பார்கள்? குறைத்து விற்றால் சித்திகளின் நேரத்துக்கு நடவுக் கூலியைவிடக் குறைவாக நானே விலை வைத்த மாதிரி ஆகும். அதனால் விற்பதில்லை, கொடுப்பதோடு சரி.

கொடுப்பதிலும் சிக்கல் வந்தது. என் அக்காவுக்கு ஏழாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு விரிப்பு என்று தொடங்கினோம். "பச்சப்புள்ளைய ஊரார் பழந்துணியிலயா போடுறது?" என்று அம்மா முகம் சுளித்தார். "ஒன்னையவே மொதல்ல சுத்துனது ஒந்தாத்தா வேட்டிதான்" என்று அப்பாயி அடக்கிவிட்டார். அப்போதுதான் எதிர்வீட்டு அத்தை ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். உள்ளே மாமாவின் இரண்டு கட்டம்போட்ட சட்டைகள். மாமா இறந்து இரண்டு வருஷம். எங்கள் தெருவில் இறந்தவர் துணியைப் பதினாறாம் நாளோடு வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அத்தை இதை யாருக்கும் தெரியாமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

"இதுல ஒரு துண்டு, ஓரமா வச்சாக்கூடப் போதும்" என்றார்.

திண்ணையில் யாரும் பேசவில்லை. பிறகு அப்பாயிதான், "வேணாம் ஆத்தா. அது வேற, இது வேற" என்றார். அத்தை ஒன்றும் சொல்லாமல் பையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மூன்றாவது வாரம் டெய்லர் அக்கா போய்க் கூட்டி வந்தார். அத்தையால் கத்தரி வைக்க முடியவில்லை. அக்கா பிளேடால் தையலை மட்டும் பிரித்தார். முதுகு, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு, காலர் என்று சட்டை தனித்தனியாகத் திண்ணையில் விரிந்தது. குழந்தை விரிப்பை ஓரமாக வைத்துவிட்டு, அத்தைக்காகத் தனியாக ஒன்று தைத்தோம். மையில் கறைபட்ட சட்டைப்பையை வெட்டவே இல்லை, அப்படியே நடுவில் வைத்தோம். அதன் மேல் ஓரத்தை மட்டும் தைக்காமல் விடச் சொன்னார் அத்தை. விரல் நுழையும் அளவு.

1987 அக்டோபரில் வாஷிங்டனில் எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக 1,920 துணிப்பலகைகளை இணைத்துத் திடலில் விரித்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு ஆளைப் புதைக்கும் குழியின் அளவு. ஊரே பெயர் சொல்லத் தயங்கியவர்களை வேண்டியவர்கள் துணியில் வைத்துத் தைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது.

அக்கா பிள்ளையின் விரிப்பில் மாமா சட்டை இல்லை. அப்பாயி சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. பிறப்பையும் இறப்பையும் ஒரே துணியில் வைக்கக்கூடாது என்பது அவர் பயம். அதைச் சிரித்து ஒதுக்க எனக்கு வயசு போதாது. ஆனால் அத்தையின் விரிப்புக்கு ஓரம் மடித்துத் தைத்தது அப்பாயிதான். மூலைக்கு மூலை பூவும் வைத்தார்.

அவ்வளவுதான் மக்களே. கேலி செய்பவர்கள் தாராளமாகச் செய்யலாம், ஆனால் வீட்டில் பழைய நூல்துணி இருந்தால் தூக்கிப் போடாமல் கொண்டு வந்து கொடுங்கள். துவைத்து, மடித்துக் கொடுத்தால் அப்பாயி உங்களை மதிப்பார்.

டிஸ்கி: பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். வியர்வை இழுக்காது, மடித்தால் நிற்காது. முக்கியமாக, டெய்லர் அக்கா திட்டுவார்!