புயலுக்குப் பயந்து வரும் படகுகள்... ட்ரினிடாட்டில் ஒரு என்ஜின் வைத்தியம்!

கரீபியன் கடலில் ஜூன் பிறந்தால் நவம்பர் முடியும்வரை சூறாவளிப் பயம்தான். அந்த ஆறு மாதமும் பாய்மரப் படகுக்காரர்கள் பலர் தெற்கே ட்ரினிடாட் தீவில் ஒதுங்குகிறார்கள். புயல்கள் பெரும்பாலும் அதற்கு வடக்கிலேயே போய்விடும். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மேற்கே இருக்கும் ஷகுவாராமஸ்தான் அவர்களின் புகலிடம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைத் தளமாக இருந்த ஊர், இன்று படகுகளின் ஆஸ்பத்திரி!

கரையேற்றிய படகுகள் முட்டுக்கொடுத்து வரிசையாக நிற்கின்றன. பசித்தால் 'டபுள்ஸ்' உண்டு. மிருதுவான இரண்டு பரா ரொட்டிகளுக்கு நடுவே காரமான கொண்டைக்கடலை. இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழியில் வந்த ருசி.

பாய்மரப் படகுக்கு என்ஜின் எதற்கு என்கிறீர்களா? ஊரை விட்டு வடக்கே போக, 1498-ல் கொலம்பஸ் 'ட்ராகனின் வாய்' என்று பெயரிட்ட நீரிணையைக் கடக்க வேண்டும். நீரோட்டம் இழுக்கும் இடம். அங்கே காற்று நின்றுபோனால் டீசல் என்ஜின்தான் உயிர் காக்கும். அதற்குள்ளேயே தண்ணீர் புகுந்தால்?

மெக்கானிக் முதலில் உருவுவது டிப் ஸ்டிக்கை. ஆயில் பால் விட்ட காபிபோல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். கூலன்ட் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம். குறையவில்லையென்றால் பெரும்பாலும் கடல் நீர்தான். பம்பின் சீல் தேய்ந்திருக்கலாம். புகைக்குழாய் வழியாகவும் வந்திருக்கலாம்.

படகில் புகையைக் குளிர்விக்கக் கடல் நீரைப் புகைக்குழாயில் கலப்பார்கள். ஸ்டார்ட் ஆகாத என்ஜினை விடாமல் கிராங்க் செய்தால், நீரை வெளியே தள்ளப் புகை இருக்காது. குழாய் நிரம்பி, நீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் என்ஜினில், சைஃபனைத் தடுக்கும் சின்ன வால்வு உப்பால் அடைபட்டாலும் இதே கதிதான்.

அப்போது சாவியைத் திருப்பினால் 'டக்' என்று நின்றுவிடும். மறுபடி திருப்பவே கூடாது! தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். நீர் வந்த வழியை அடைத்து, பால் நிறம் போகும்வரை ஆயிலை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். நாள்கணக்கில் தள்ளிப்போட்டால் துருப்பிடித்து இறுகிவிடும்.

நம்ம ஊர் வெள்ளத்தில் மூழ்கிய காருக்கும் இதே விதிதான். தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் மெக்கானிக் பார்க்கட்டும்!