வந்த அளவு

2018 ஆகஸ்ட் 20

முதல் பட்டறை வகுப்பு. ஆளுக்கு ஓர் இரும்புத் தகடும் ஓர் அரமும் கொடுத்தார்கள். தகட்டின் நான்கு ஓரங்களையும் அராவி, மூலைமட்டத்துக்குச் சரியாகக் கொண்டுவர வேண்டும். மூன்று மணி நேரம் அராவினேன். வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள். மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் நடுவில் கீற்றாக ஒளி தெரிந்தது. பயிற்றுநர் பார்த்துவிட்டு, "வெளிச்சம் தெரியிற வரைக்கும் வேலை முடியலைம்மா" என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர் ஆசாரி நிலைக்கதவு மாட்டும்போது "ஒரு நூல் தூக்குது" என்பார். ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இங்கே கையில் கொடுத்த வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரை காட்டுகிறது. தலைமுடியின் பருமனில் பாதிகூட வராது. கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது என்று அறிமுக வகுப்பில் சொன்னார்கள். நம் ஊரில் பொறியியல் படிப்பே அளப்பதில்தான் ஆரம்பித்திருக்கிறது.

அறுபது பேர் வகுப்பில் பெண்கள் நான்கு பேர். இந்த வருடம்தான் கலந்தாய்வு முதன்முதலாக ஆன்லைனில் நடந்தது. உடுமலைப்பேட்டை பிரவுசிங் சென்டரில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் விருப்பமாக மெக்கானிக்கல் என்று போட்டபோது "யோசிச்சுத்தானே போடறே சாமி?" என்று மட்டும் கேட்டார். யோசித்துத்தான் போட்டேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது சித்திரை வெயிலில் எங்கள் கிணற்று மோட்டார் நின்றுபோனது. நான்கு நாளில் தக்காளிச் செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. வைண்டிங் கடையில் பிரித்துப் பார்த்தார்கள். பேரிங்கின் குண்டுகள் நீலம் பாய்ந்து கறுத்திருந்தன. "சூடாகிப் போச்சு கண்ணு" என்றார் கடைக்காரர். ஏன் சூடானது என்று கேட்டேன். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் இங்கே வந்திருக்கிறேன்.

2019 செப்டம்பர் 12

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேப். இன்று இழுவைச் சோதனை.

பென்சில் பருமனில் ஒரு மைல்டு ஸ்டீல் கம்பி. இரண்டு முனையையும் கவ்விக்கொண்டு இயந்திரம் இழுக்கிறது. முள் சீராக ஏறிக்கொண்டே போகிறது. ஓர் இடத்தில் தயங்குகிறது. இழுப்பு கூடாமலே கம்பி நீள்கிறது. அதுதான் நெகிழ்வுப் புள்ளி. அதற்குப் பிறகு முள் மறுபடி ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்கத் தொடங்கும்போது கம்பியின் நடுவில் இடுப்பு ஒடுங்குகிறது. அறையே அதிரும் சத்தத்தோடு அறுந்தது. ஒரு துண்டின் முனை கிண்ணம் போலவும் மறு துண்டின் முனை கூம்பு போலவும் இருந்தன. தொட்டால் வெதுவெதுப்பு. புத்தகத்தில் கோடாகப் பார்த்த வளைவு கண் முன்னால் நடந்தது. நெஞ்சு படபடத்தது.

இரண்டு பேட்ச் சேர்ந்து ஒரே கம்பிதான். முள் தயங்கிய இடத்தை நாங்கள் யாரும் குறிக்கவில்லை. அப்சர்வேஷன் நோட்டு வெறுமையாக இருந்தது. சீனியர் அக்காவின் ரெக்கார்டு கைமாறி வந்தது. "எவ்வளவு வரணும்?" என்று ஒருத்தி கேட்டாள். "250-ஐ ஒட்டி வரணும், அதுக்குத் தகுந்த மாதிரி ரீடிங்கைப் போடு" என்றாள் இன்னொருத்தி. நானும் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதினேன். பத்துக்குப் பத்து கிடைத்தது.

அந்த இடுப்பு ஒடுங்கியதை நான் பார்த்தேன். நோட்டில் இருப்பதோ வேறு ஏதோ கம்பியின் கணக்கு. எழுதி முடித்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை.

2020 நவம்பர் 3

கொரோனாவால் கல்லூரி மூடியிருப்பதால் ஊரில் இருக்கிறேன். லேப் வகுப்பும் கைப்பேசியில்தான். உள்ளங்கை அளவு திரையில் லேத் சுற்றுகிறது. சத்தமும் இல்லை, எண்ணெய் வாடையும் இல்லை. சிக்னலுக்காகக் களத்து மேட்டில் உட்கார்ந்து, அனுப்பி வைத்த ரீடிங்கைப் பார்த்து எழுதுகிறேன். கீழே கிணற்று மோட்டார் ஓடுகிறது. அதன் உடம்பில் கை வைத்து அதிர்வைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்தப் பருவத்தில் நான் தொட்ட ஒரே இயந்திரம் அது.

2021 டிசம்பர் 9

கேம்பஸுக்கு வந்த கம்பெனிகளில் பெரும்பாலானவை சாஃப்ட்வேர். எந்தப் பிரிவாக இருந்தாலும் எடுக்கிறார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. இன்று கோவை கணபதியில் ஒரு பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தேன். பயிற்சிக் காலத்தில் மாதம் பதினைந்தாயிரம். சாஃப்ட்வேர் கம்பெனி தருவதாகச் சொன்னதில் ஏறக்குறையப் பாதி.

தோழிகள் சாஃப்ட்வேர் பக்கம் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்விக் கடன் இருக்கிறது, தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். நானும் நேற்று இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் அப்பாவிடம் சொன்னபோது, "கடனை நான் பாத்துக்கறேன். நாலு வருசம் படிச்சதை விட்டுப் போட்டுப் போகாதே" என்றார். தொலைபேசியை வைத்த பிறகும் வெகுநேரம் அந்தக் குரலே காதில் இருந்தது.

2022 ஜூலை 4

கணபதித் தொழிற்சாலையிலேயே வேலையில் சேர்ந்தேன். நீலச் சட்டை, முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ.

கணபதித் தெருக்களில் நடந்தால் ஒரு வீட்டில் லேத், அடுத்ததில் பேட்டர்ன் கடை, அதற்கடுத்து கியர் வெட்டும் பட்டறை. 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் இந்த ஊரில் பஞ்சாலைகள் பெருகின. மில் இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகளும், பாகங்கள் வார்க்க ஃபவுண்டரிகளும் சேர்ந்துகொண்டன. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டாரும் பம்பும் வேண்டியிருந்தன. அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் இங்கேயே இருந்தன. எங்கள் காட்டு மோட்டாரும் இந்த ஊரில் செய்ததுதான்.

என்னைத் தர ஆய்வுப் பிரிவில் போட்டார்கள். அங்கே முப்பது வருடமாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர். ஐடிஐ படித்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணன். முதல் நாளே ஒரு பேரிங்கைக் கையில் கொடுத்தார்.

"இது என்ன நெம்பருங்க அம்மிணி?"

"6208-ங்ணா."

"கடைசி ரெண்டு நெம்பரை அஞ்சால பெருக்குங்க."

"நாப்பது."

"உள் விட்டம் நாப்பது. வெளி விட்டம் எம்பது. இது உக்கார்ற வீட்டைத்தான் நாம இங்க வெட்டறோம். வீடு சரியில்லீன்னா பேரிங் பொழைக்காது."

எட்டு செமஸ்டர் படித்தும் இந்த ஐந்தால் பெருக்கும் கணக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

2022 செப்டம்பர் 15

துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் இப்போதுதான் கைக்கு வருகிறது. முதலில் அதை 80 மில்லிமீட்டர் செட்டிங் ரிங்கில் வைத்துப் பூஜ்யம் செய்ய வேண்டும். பிறகு துளைக்குள் விட்டு மெல்ல முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். முள் ஒரு பக்கம் போய்த் திரும்பும் இடம்தான் அளவு. அழுத்தினால் பொய் சொல்லும், அவசரப்பட்டாலும் பொய் சொல்லும். ஒரே துளையை நான் பத்து முறை அளந்தால் ஏழு மைக்ரான் வித்தியாசம் வந்தது. அண்ணனுக்கு ஒரு மைக்ரான். ஒரு மாதமாகத் தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் ஒரே பீஸை அளந்து பழகுகிறேன். இன்று எனக்கு இரண்டு மைக்ரான் வந்தது.

வரைபடத்தில் 80 எச்7 என்று இருக்கிறது. 80.000-க்குக் குறையக் கூடாது, 80.030-ஐத் தாண்டக் கூடாது. "கொறஞ்சா மறுக்கா வெட்டிக்கலாம். கூடிப்போச்சுன்னா பழைய இரும்புக்கடைதான்" என்பார் அண்ணன்.

2023 ஏப்ரல் 18, இரவு

இரண்டாவது ஷிப்ட். காலையில் லாரி வருகிறது என்று சூப்பர்வைசர் நான்கு முறை வந்து போனார். சிஎன்சி-யிலிருந்து பீஸ் இறங்க இறங்க, காற்றடித்துத் தூளை நீக்கி உடனே அளந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவை 36. எல்லாம் அளவுக்குள். கடைசியில் வந்தவை +0.006, +0.009 என்று கீழ்ப்பக்கமாக நின்றன. ஆனாலும் எல்லைக்குள்தான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அறைக்கு வந்தேன்.

2023 ஏப்ரல் 19

காலையில் அண்ணன் அழைத்தார். "ஒருக்கா வந்து பாருங்க அம்மிணி."

நேற்றைய பீஸில் போர் கேஜை விட்டுக் காட்டினார். -0.006. அடுத்தது -0.004. என் கையால் அளந்தேன், அதேதான். 36-இல் 22 பீஸ் எண்பதுக்குக் கீழே. ராத்திரியில் இரும்பு சுருங்கிவிட்டதா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்ட நொடியிலேயே விடை தெரிந்துவிட்டது. ஆமாம், சுருங்கித்தான் விட்டது.

சூப்பர்வைசர் வந்தார். "நேத்து ரிப்போர்ட் ஓகேன்னு இருக்குல்ல? அஞ்சாறு மைக்ரான்தானே. அசெம்பிளியில தட்டி உக்கார வெச்சுக்குவாங்க. லாரி நிக்குது." அவர் மேலும் நெருக்கடி இருந்தது, தெரியும். ஆனால் தட்டி உட்கார வைத்தால் பேரிங்கின் வெளி வளையம் நெருக்கப்படும், உள்ளே குண்டுகளுக்கு இருக்கும் இம்மி இடமும் குறையும், ஓட ஓடச் சூடேறும், சூடேற ஏற இடம் இன்னும் குறையும். பிறகு ஒரு நாள் குண்டு நீலம் பாய்ந்து நிற்கும், யாரோ ஒருவருடைய காட்டில்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. புது ரிப்போர்ட் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளிவைத்தார். கை நடுங்கியது. 22 பீஸுக்கும் வந்த அளவை எழுதி, "மறுவேலை" என்று குறித்து, நேற்றைய தாளின் மேல் "சூட்டில் அளந்தது, செல்லாது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். லாரி பாதிச் சுமையோடு போனது. எனக்கு நல்ல திட்டு விழுந்தது. அளந்தவள் நான், திட்டும் எனக்குரியதுதான்.

2023 ஏப்ரல் 20

இன்று மறுவேலையின்போது வெப்பமானியோடு நின்றேன். இயந்திரத்திலிருந்து இறங்கிய பீஸ் 51 டிகிரி. மேசையில் இருந்த செட்டிங் ரிங் 34 டிகிரி. வித்தியாசம் 17. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 11 மைக்ரான் விரியும். 80 மில்லிமீட்டருக்கும் 17 டிகிரிக்கும் கணக்குப் போட்டால் 0.015. +0.009-இலிருந்து 0.015 கழித்தால் -0.006. நேற்று காலை கேஜ் காட்டிய அதே எண். பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரம் முதன்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று 1931-இல் உலக அளவில் முடிவானது. மெட்ராலஜி பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது. கோவைச் சித்திரையில் 20 டிகிரிக்கு எங்கே போவது என்று அப்போது நினைத்தேன். இன்று புரிந்தது: பீஸும் ரிங்கும் ஒரே இரும்பு இனம், ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரியும், ஒப்பீடு கெடாது. பட்டறை சூடாக இருந்தது குற்றமில்லை. பீஸை ஆறவிடாததுதான் குற்றம்.

இன்னொன்றும் புரிந்தது. வெட்டும் முனையான இன்சர்ட் மழுங்க மழுங்கத் துளை சிறுத்துக்கொண்டே போயிருக்கிறது. மழுங்கிய இன்சர்ட்தான் அதிகச் சூட்டையும் கொடுத்திருக்கிறது. அந்தச் சூடே சிறுத்ததை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

எங்கள் கிணற்று மோட்டாரில் நடந்தது இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஏன் சூடாகும் என்ற கேள்விக்கு ஒரு பதிலை என் கையால் அளந்துவிட்டேன்.

2023 மே 2

பீஸை இரண்டு மணி நேரம் மேசையில் ஆறவிட்டு, ரிங்கையும் அதே மேசையில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று செயல்முறைத் தாளில் சேர்க்கக் கேட்டிருந்தேன். இன்று சேர்த்தார்கள். அதிகப்படியாக ஒரு மேசையும் போட்டார்கள். அதை இழுத்து வைக்க சூப்பர்வைசரே ஒரு கை கொடுத்தார்.

இரவு அறையில் பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். அந்த இழுவைச் சோதனைப் பக்கம். பத்துக்குப் பத்து, சிவப்பு மையில். லேப்பில் தப்பான ரீடிங் எழுதினால் ஒன்றும் கெட்டுவிடாது என்றுதான் நினைத்திருந்தோம். கெட்டது எங்கள் கை. எவ்வளவு வரணும் என்று முதலில் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் படிந்தது. ஏப்ரல் 18 அன்று எல்லாம் எல்லைக்குள் வரணும் என்றே அளந்திருக்கிறேன். அதனால்தான் பீஸின் சூடு என் விரலில் பட்டும் மனசில் படவில்லை. இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: சோதனை தப்பாக வந்தால் தப்பாக வந்ததையே எழுதுங்கள், மதிப்பெண் போனால் போகட்டும். அது ஏன் அப்படி வந்தது என்று தேடும் இடத்தில்தான் இந்தப் படிப்பு தொடங்குகிறது.

2023 ஆகஸ்ட் 7

டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் ஆய்வுப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். ஒரு வாரமாக போர் கேஜ் பழக்குகிறேன். இன்று ஆறிய பீஸ் ஒன்றைக் கொடுத்துத் தனியாக அளக்கச் சொன்னேன். ரிங்கில் பூஜ்யம் செய்தான். துளைக்குள் விட்டு ஆட்டினான். மறுபடியும் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அக்கா, இது எவ்வளவு வரணுங்க்கா?"

"எவ்வளவு வருது?"

தயங்கினான். மூன்றாம் முறை அளந்தான். பிறகு தாளை இழுத்து 79.998 என்று எழுதினான்.