இளைத்த ரகசியம்

தமிழ்நாட்டில் ஒருவர் பருத்தாலும் குற்றம், இளைத்தாலும் குற்றம். பருத்தால், "நல்ல சாப்பாடு போலிருக்கிறது!" என்பார்கள். இளைத்தால், "உடம்புக்கு என்ன?" என்பார்கள். இரண்டும் இல்லாமல் இருந்தபடியே இருந்துவிட்டாலோ, "பத்து வருஷமாக அப்படியே இருக்கிறீர்களே, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். பிறருடைய வயது, சம்பளம், எடை ஆகிய மூன்றையும் விசாரிப்பது நம்மவர் பரம்பரையாகக் காத்துவரும் உரிமை. அந்த உரிமையைப் பறிக்க வேண்டும் என்று வாதாட நாம் முன்வரவில்லை. கேள்வி கேட்பது அவர்கள் பாடு. பதில் சொல்வது நம் பாடு. அந்தப் பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம்.

விஷயம் இதுதான். 2025-ஆம் ஆண்டின் நடுவில், வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டின்படி, வாரத்துக்கு ஒரு முறை வயிற்றில் ஓர் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தோம். எடை குறைவதற்கான ஊசி. அப்போது நமது எடை 94 கிலோ. ஆறு மாதத்தில் அது 83 கிலோவாயிற்று. நாற்பது வயதைத் தாண்டிய பள்ளி ஆசிரியை ஒருத்தி பதினோரு கிலோ இளைத்தால், அதை நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும், இருபது ஆசிரியர்கள் உள்ள அறையிலும் மறைக்க முடியுமா? புடவையைச் சற்றுத் தளர்த்திக் கட்டிப் பார்க்கலாம். முகத்தை என்ன செய்வது?

இந்த ஊசி மருந்தின் வரலாறு ரஸமானது. நாம் சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி-1 என்னும் ஹார்மோன் சுரந்து, "போதும்" என்று மூளைக்குச் செய்தி சொல்லுகிறது. ஆனால் அது சில நிமிஷங்களுக்கு மேல் இரத்தத்தில் தங்குவதில்லை. 1992-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஜான் எங் என்னும் வைத்தியர், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்னும் பெரிய பல்லியின் நஞ்சில், அதே வேலையைச் செய்யும் ஆனால் நெடுநேரம் தங்கக்கூடிய ஒரு பொருளைக் கண்டார். அதிலிருந்து 2005-இல் சர்க்கரை வியாதிக்கு ஒரு மருந்து வந்தது. அந்த வழியில் பிறகு வந்தவைதான் செமாக்ளூடைடும் டிர்செபடைடும். செமாக்ளூடைடைச் சர்க்கரை வியாதிக்காக 2017-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தபோது அதன் பெயர் ஓசெம்பிக். அதே மருந்தை எடைக் குறைப்புக்காக 2021-இல் அனுமதித்தபோது அதன் பெயர் வீகோவி. நாம் போட்டுக்கொள்ளும் டிர்செபடைட், மௌன்ஜாரோ என்னும் பெயரில் 2025 மார்ச்சு மாதம் இந்தியாவுக்கு வந்தது.

மருந்து ஒன்று, பெயர் இரண்டு என்றோம். மரியாதையும் இரண்டுதான்! நமது பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும், எல்லோர் முன்னிலையிலும் சட்டையைச் சற்று ஒதுக்கி இன்ஸுலின் ஊசி போட்டுக்கொண்டு டிபன் பாத்திரத்தைத் திறப்பார். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "பாவம், சர்க்கரை!" என்ற அனுதாபம் அவருக்கு எப்போதும் உண்டு. அதே வயிற்றில், அதே மாதிரி ஊசியை, எடைக்காக ஒருவர் போட்டுக்கொண்டால், "ஓஹோ, குறுக்கு வழியா?" என்கிறது உலகம். சர்க்கரை வியாதி விதியால் வருகிறதென்றும், பருமன் வாயால் வருகிறதென்றும் ஜனங்கள் தீர்மானித்துவிட்டார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2019 முதல் 2021 வரையிலான காலத்தில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் மிகையான எடையுள்ளவர்கள். இத்தனை பேரும் வாயைக் கட்டாதவர்கள்தாம் என்று சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

நமது பெரியம்மா இந்த ஊசி விஷயத்தைக் கேட்டதும், "ஏண்டியம்மா, உனக்கு என்ன வியாதி? யாராவது கேட்டால் சர்க்கரைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிடு. கௌரவமாயிருக்கும்" என்றாள். வியாதி இல்லை என்று பொய் சொன்ன காலம் போய், வியாதி உண்டு என்று பொய் சொல்லும் காலம் வந்துவிட்டது பாருங்கள்! பெரியம்மா சொன்னது அன்பினால் என்பதை நாம் அறிவோம். எத்தனையோ வீடுகளில் இந்தப் பதிலே வழக்கத்தில் இருக்கிறது என்பதையும் அறிவோம்.

மறைப்பவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஒருவருடைய உடம்பு அவருடைய சொந்த விஷயம். அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஒருமுகமாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். கோர்ட்டு சொல்லாவிட்டாலும் நியாயம் அதுதான். கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் பெண் ஒருத்தி இந்த ஊசியைப் பற்றி வாய் திறந்தால், "பிள்ளை பெற்ற பிறகு பழையபடி பெருத்துவிடுவாளோ?" என்று சம்பந்தி வீட்டார் கணக்குப் போடுவார்கள். அவளைப் பார்த்து, "ஏன் ஊரறியச் சொல்லவில்லை?" என்று கேட்பது கொடுமை.

ஆனால் மௌனம் வேறு, பொய் வேறு. மௌனமாயிருப்பவர் தம் கதவைச் சாத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். பொய் சொல்பவரோ அடுத்தவருக்குத் தவறான வழியைக் காட்டி அனுப்புகிறார். "எப்படி இளைத்தீர்கள்?" என்று கேட்டவரிடம், "காலையில் நடை, இரவில் கேழ்வரகுக் கஞ்சி, வேறொன்றுமில்லை" என்று சொன்னால், கேட்டவர் அன்று மாலையே கேழ்வரகு வாங்கிவிடுவார்.

இதை நமது தமிழாசிரியரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பிறருக்குப் பழுதில்லாத நன்மை உண்டாகுமானால் பொய்யையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே, அம்மா! நடப்பதும் கஞ்சி குடிப்பதும் நல்லதுதானே? உங்கள் பொய்யால் நாலு பேர் நடக்கட்டுமே!" என்றார். வாதம் அழகானதுதான். நாமோ சரித்திரத்தில் பட்டம் பெற்றவர்கள். குறளில் அவரோடு போட்டியிட முடியாது. ஆகவே ஒரு கணக்கைக் காட்டினோம்.

2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 1,961 பேர் சேர்க்கப்பட்டார்கள். உணவைக் குறைக்கும்படியும், வாரத்துக்கு 150 நிமிஷம் உடலுழைப்புச் செய்யும்படியும் எல்லோருக்குமே சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஒரு சாராருக்குச் செமாக்ளூடைட் ஊசி. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 68 வாரம் கழித்துப் பார்த்ததில், மருந்து பெற்றவர்கள் சராசரியாகத் தங்கள் எடையில் நூற்றுக்கு 14.9 பங்கு குறைந்திருந்தார்கள். வெறும் ஊசிக்காரர்கள் குறைந்தது 2.4 பங்கு. "நடை, கஞ்சி" என்று நாம் சொல்லும் பொய்யை நம்புகிறவருக்குக் கிடைக்கப் போவது ஏறக்குறைய அந்த 2.4 தான். அவர் நம்மைச் சந்தேகிக்க மாட்டார், தம்மையே சந்தேகிப்பார். "அவருக்கு மனஉறுதி இருக்கிறது, எனக்கு இல்லை" என்று மனம் நொந்துபோவார். பழுதில்லாத நன்மை எங்கே இருக்கிறது? தமிழாசிரியர் சற்று யோசித்து, "அப்படியானால் வள்ளுவர் உங்கள் கட்சி" என்று ஒப்புக்கொண்டார்.

எனினும் அதுவரை நாம் ஊருக்குச் சொல்வதாக இல்லை. வைத்தியருக்குத் தெரியும், கணவருக்குத் தெரியும், பெரியம்மாவுக்கும் தமிழாசிரியருக்கும் தெரியும். மற்றவர்கள் கேட்டால், "வைத்தியர் பார்த்துக்கொள்கிறார்" என்போம். அது முழு உண்மை, போதுமான உண்மை. இந்த நிலையை மாற்றியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் பாத்திரத்தைத் திறக்காமலே மூடி வைப்பதை நாலைந்து நாள் கவனித்தோம். தனியே கூப்பிட்டு விசாரித்தபோது, முதலில் பசியில்லை என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், நீங்கள் சாப்பாட்டை விட்டுத்தான் இளைத்தீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே!" என்றாள். நமது மௌனம் காலியாக இருக்கவில்லை. அதில் யாரோ ஒரு கதையைக் குடியேற்றியிருந்தார்கள். அந்தக் கதைக்காக ஒரு வளரும் பெண் பட்டினி கிடந்தாள்.

அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். இது மருந்து, வைத்தியர் சோதித்துப் பார்த்துக் கொடுத்தது, முதல் மாதங்களில் குமட்டலும் மலச்சிக்கலும் படுத்திய பாடு கொஞ்சமல்ல, பசி குறைந்தாலும் பருப்பும் முட்டையும் தயிரும் தவறாமல் சாப்பிடாவிட்டால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும், பட்டினி கிடந்து நாம் ஒரு கிலோகூடக் குறையவில்லை என்றெல்லாம் விளக்கினோம். அவள் தாயாரையும் வரவழைத்துப் பேசினோம். குழந்தைக்குச் சொன்ன உண்மையை ஆசிரியர் அறையில் மறைப்பது முறையன்று. ஆகவே மறுநாள் அங்கும் சொல்லிவிட்டோம்.

அதன் பலனையும் நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்குள் தெருக்கோடி வரையில் செய்தி பரவிற்று. "பணமிருந்தால் யார்தான் இளைக்க முடியாது?" என்று ஒருவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. மருந்து இங்கே வந்த புதிதில், ஐந்து மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 4,375 ரூபாய். மாதத்துக்கு நாலு குப்பி என்றால் 17,500 ரூபாய். அந்த மாதங்களில் வீட்டுச் செலவில் எதை எதைக் குறைத்தோம் என்பது வேறு கதை. நிறுத்தினால் மீண்டும் ஏறும் என்பதும் கேலிக்குக் காரணமாயிற்று. அதுவும் மெய்யே. முன் சொன்ன ஆராய்ச்சியில், ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினாலும் அழுத்தம் ஏறத்தான் செய்கிறது. அதற்காக யாரும் சிரிப்பதில்லை.

கேலி ஒரு பக்கம் இருக்க, ஆசிரியைகள் இருவர் தனித்தனியே வந்து பேசினார்கள். ஒருவர், தெரிந்தவர் மூலமாக, சீட்டு இல்லாமலே மருந்து வாங்க ஏற்பாடு செய்திருந்தார். நமக்கு ஊசி எழுதுவதற்கு முன்னால் வைத்தியர் கேட்ட கேள்விகளை அவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னோம்: குடும்பத்தில் யாருக்காவது தைராய்டுப் புற்றுநோய் உண்டா? கணையத்தில் வீக்கம் வந்ததுண்டா? பித்தப்பையில் கல் உண்டா? அவர் முகம் மாறிற்று. வைத்தியரிடமே போவதாகச் சொல்லிச் சென்றார். மருந்தைப் பற்றி ரகசியமாயிருந்தால், அதன் அபாயங்களும் ரகசியமாகவே இருந்துவிடுகின்றன.

ஊருக்குச் சொல்ல விரும்பாதவர்களும் ஒருவரிடம் மறைக்கக் கூடாது, அவர்தாம் வைத்தியர். இந்த மருந்து இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. காலையிலிருந்து பட்டினி என்று சொல்லி அறுவை மேஜையில் படுப்பவர் வயிற்றில் முந்திய நாள் உணவு இருக்கக்கூடும். மயக்க நிலையில் அது மேலெழும்பி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இதனால்தான் அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் சங்கம் 2023-இல் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. வெட்கப்பட்டு மறைக்கும் இடம் அதுவன்று.

பிரபலமானவர்கள் விஷயத்தில் கடமை இன்னும் ஒரு படி அதிகம். அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரி அம்மையார் 1988-இல், திரவ உணவு மட்டும் உண்டு இளைத்துவிட்டு, தாம் இழந்த எடைக்குச் சமமாக 67 பவுண்டு கொழுப்பை ஒரு சிறு வண்டியில் வைத்துத் தொலைக்காட்சி மேடையில் இழுத்து வந்தார். எடை பிறகு திரும்பிவிட்டது. 2015 முதல் எடைக் குறைப்புக் கம்பெனி ஒன்றின் பங்குதாரராகவும் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் இருந்தார். 2023 டிசம்பரில் தாமும் மருந்து எடுப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். மறு வருஷம் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். அத்தனை வருஷமாக அவரைப் பார்த்துப் பட்டினி கிடந்தவர்களுக்கு அந்தச் சொல் ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். டென்னிஸ் வீராங்கனை ஸெரீனா வில்லியம்ஸும் 2025-இல் சொன்னார். ஆனால் அவர் சொன்னது, இத்தகைய மருந்தை விற்கும் ஒரு கம்பெனியின் விளம்பரதாரராக. அதில் அவருடைய கணவர் முதலீடு செய்திருப்பவர். வெளிப்படை என்பதும் விலைபோகும் சரக்காகலாம் என்பதற்கு இது உதாரணம். நம் நாட்டிலோ, பருமனைப் போக்கும் என்று மருந்துகளுக்குப் பொதுஜன விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே இங்கே உண்மை பரவ வேண்டுமானால், லாபம் ஏதுமில்லாத சாதாரண மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று நாம் கடைப்பிடிக்கும் முறை எளிது. வம்புக்குக் கேட்பவரிடம், "வைத்தியர் பார்த்துக்கொள்கிறார்" என்கிறோம். தம் உடம்பை எண்ணிக் கவலையோடு கேட்பவரிடம், ஊசியின் பெயர், விலை, குமட்டல், நன்மை எல்லாவற்றையும் சொல்கிறோம். குழந்தைகள் கேட்டால், முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டுப் பிறகு பதில் சொல்கிறோம். கேழ்வரகுக் கஞ்சி நல்ல ஆகாரம்தான். வீட்டில் அடிக்கடி காய்ச்சுகிறோம். ஆனால் நாம் இளைத்த புகழை அதன் தலையில் ஏற்றுவதில்லை.