பார் உள்ள சைக்கிளும் பார் இல்லாத சைக்கிளும்

லேடீஸ் சைக்கிளில் நாற்பது கிலோ மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்திருக்கீங்களா? ஹேண்டில்பார் ஒரு பக்கம் போகும், மூட்டை இன்னொரு பக்கம் போகும். கேரியர் லூசாகிப் போச்சுன்னு நினைச்சு நட்டை முடுக்குவோம். முடுக்கினாலும் ஆட்டம் நிற்காது. ஏன்னா ஆடுறது கேரியர் இல்லை, பிரேமே முறுக்குது.

மேலே பார் இருந்தால் பிரேம் ஏறக்குறைய முக்கோணமா நிற்கும். முக்கோணத்தை லேசில் கோண வைக்க முடியாது. பாரை எடுத்துட்டா பாவாடை, சேலையோடு ஏற வசதி, ஆனா முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியா முறுக்க வழி கிடைச்சிடும். செஞ்சவங்க மேல தப்பில்லை. புத்தகப்பை சுமக்கச் செஞ்ச வண்டியில் கத்திரிக்காய் மூட்டையை ஏத்தினா அது என்ன பண்ணும்?

எங்க வீட்டில் இரண்டும் இருக்கு. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது ஒன்று, என்னோட பழைய 28 இஞ்ச் வண்டி ஒன்று. சந்தை ஏழு கிலோமீட்டர். மூட்டைக்கு என் வண்டிதான்.

அதுவும் வளையாமல் இல்லை. மேட்டில் எழுந்து நின்னு மிதிச்சா பெடல் பக்கம் பிரேம் அசைஞ்சு செயின் கவர் கிறீச்னு உரசும். அதனால் நம்ம பலம் வீணாகுதுன்னு சிலர் சொல்றாங்க. இரும்பு வளைஞ்சா நிமிரும்போது வாங்கினதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துடும், மூங்கில் காவடி மாதிரி. காலை நிஜமா வாங்குறது காற்றில்லாத டயரும், துருப்பிடிச்ச செயினும், தாழ்ந்த சீட்டும்தான். குலுக்கலைத் தாங்குறதும் அப்படித்தான்: பிரேமை விட டயரும் சீட்டு ஸ்பிரிங்கும்தான் அதிகம் வாங்கிக்கும்.

கோயம்புத்தூரில் இருக்கிற பையன், "முட்டி வலிக்குதே, அலுமினிய சைக்கிள் வாங்கித் தரேம்பா"ன்னான். அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடை, விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் அந்தக் குழாயெல்லாம் அவ்வளவு தடிமனா இருக்கு. அவனோடதை ஓட்டிப் பார்த்தேன், பூ மாதிரி போகுது. ஒல்லி டயரில் எங்க ஊர் ஜல்லி ஒவ்வொண்ணும் மணிக்கட்டில் தெரிஞ்சுது, அது வேற.

எனக்குக் கணக்கு வேற. போன வருஷம் என் வண்டி சீட்டுக்குக் கீழே விரிசல் விட்டுச்சு. பக்கத்துப் பட்டறையில் பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டினாங்க, மறுநாள் சந்தைக்குப் போயிட்டேன். அலுமினியம் விட்டுப்போனா அந்தப் பட்டறையில் ஒட்ட ஆளில்லை. நாலு நாள் வண்டி நின்னா காய் செடியிலேயே முத்திடும்.

அந்தக் காசில் இரண்டு நல்ல டயரும், ஸ்பிரிங் சீட்டும் வாங்கி அனுப்புடான்னு சொல்லியிருக்கேன். டயர் வந்துடுச்சு. சீட்டு இன்னும் வரலை.