விருந்தாளியாக வந்த ஆடு

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். மூன்று நாளைக்கு மேல் தங்கிவிட்ட விருந்தாளியை என்ன செய்வது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. வந்தவர் பிள்ளை குட்டிகளோடு பெருகி, வீட்டுக்காரரின் குழந்தைகளுக்கே சோறு இல்லாமற் செய்துவிட்டால் யார் பக்கம் நியாயம்? இப்படி ஒரு வழக்கு அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தின் மேற்குக் கோடியிலுள்ள பாலைவன மலைகளில் நடந்து வருகிறது. விருந்தாளியின் பெயர் அவுடாட். அது ஒரு காட்டு ஆடு.

அவுடாட்டின் பூர்விகம் வட ஆப்பிரிக்கா. மொராக்கோவின் அட்லஸ் மலைகளும், சகாரா பாலைவனத்தின் நடுவே எழுந்து நிற்கும் ஹொகார், திபெஸ்தி மலைகளும் அதன் பிறந்தகம். பெர்பர் மக்கள் இட்ட பெயர்தான் இந்த அவுடாட் என்பது. நம் வரையாட்டைப் பார்த்திருக்கும் நேயர்கள், அதைவிடச் சற்றுப் பருமனாக, மணல் நிறத்தில், கொம்புகள் விரிந்து பின்னால் வளைந்த ஒரு பிராணியை மனக்கண்ணில் கொண்டு வரலாம். தொண்டையிலிருந்து மார்பு வழியாக முன்னங்கால்கள் வரையில் மயிர் ஜாலர் கட்டியதுபோல் தொங்கும். கிடா, பெட்டை இரண்டுக்குமே கொம்பு உண்டு. குடிக்கத் தண்ணீர் கிடைக்காவிட்டாலும், தழையிலுள்ள ஈரத்தையும் பனித்துளியையும் கொண்டு வெகு நாள் காலம் தள்ளும்.

இது கடல் கடந்து வந்தது தன் இஷ்டத்தினால் அல்ல. 1900-ஆம் ஆண்டு வாக்கில் மிருகக்காட்சி சாலைகளுக்காக அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு வேட்டைப் பிரியர்களுக்காக மலைகளில் அவிழ்த்து விட்டார்கள். 1950-இல் நியூ மெக்ஸிகோவில் விட்டார்கள். 1957, 1958 ஆண்டுகளில் டெக்ஸாஸின் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் 40-க்குச் சற்று அதிகமான ஆடுகளை விட்டார்கள். தனியார் பண்ணைக்காரர்களும் தங்கள் பங்குக்கு விட்டார்கள். இன்று அவை ஆயிரக்கணக்கில் பெருகி, மேற்கு டெக்ஸாஸ் மலைகளெங்கும் பரவியிருக்கின்றன.

2025-ஆம் ஆண்டு நவம்பரில் அந்த மலைகளைப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. என் சகோதரியின் மகன் அந்நாட்டில் உத்தியோகம் பார்க்கிறான். அவனுக்கு வேட்டையில் மோகம். நானோ புலால் உண்ணாதவன். தீபாவளித் துப்பாக்கிக்கு மேற்பட்ட ஆயுதம் எதையும் கையால் தொட்டவனல்ல. "மாமா, நீங்கள் சுட வேண்டாம், மலையைப் பார்த்துக் கொண்டிருந்தால் போதும்" என்று சொல்லி, வான் ஹார்ன் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணைக்கு என்னை அழைத்துச் சென்றான். டெக்ஸாஸில் நிலம் பெரும்பாலும் தனியாருக்குச் சொந்தம். ஆகையால் வேட்டையாடுகிறவன் பண்ணைக்காரருக்குக் கட்டணம் கட்ட வேண்டும். பெரிய கொம்புள்ள கிடா ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர். பையன் வெகு காலமாக மிச்சம் பிடித்த பணம் அது.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு கிழவர். பொழுது விடிவதற்கு முன்பே எங்களை மலை மேல் ஏற்றிவிட்டார். ஏற்றமா அது! காலை வைத்த இடத்தில் கல் உருளுகிறது. கல் இல்லாத இடத்தில் சப்பாத்திக் கள்ளி. கள்ளியும் இல்லாத இடத்தில் லெச்சுகில்லா என்று ஒரு கற்றாழை, ஈட்டி முனைகளை நட்டு வைத்ததுபோல் முழங்காலுக்குக் கீழே குத்துகிறது. சிவாவா பாலைவனத்துக்கென்றே பிரம்மா சிருஷ்டித்த செடி அதுதான் என்கிறார்கள்.

வேட்டை என்றால் ஓடுவதும் துரத்துவதும் என்று எண்ணியிருந்தேன். மூன்று மணி நேரம் ஒரு பாறையில் உட்கார்ந்து, தூரதிருஷ்டிக் கண்ணாடியினால் எதிர்ச் சரிவை அங்குலம் அங்குலமாகத் துழாவியதுதான் அங்கே வேட்டை. அவுடாட் ஆபத்தை உணர்ந்தால் உடனே ஓடாது, அசையாமல் நின்றுவிடும். அதன் நிறமும் பாறையின் நிறமும் ஒன்று. "ஆட்டைத் தேடாதீர்கள், காது அசைகிறதா, கொம்பு மின்னுகிறதா என்று மட்டும் பாருங்கள்" என்றார் கிழவர். வெகு நேரம் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் திடீரென்று ஒரு காது அசைந்தது. அடுத்த கணம் அந்தச் சரிவில் இருபது ஆடுகள் நின்றன!

அவற்றை நேரே நெருங்க முடியாது. வெயில் ஏற ஏற, சூடான காற்று சரிவின் வழியே மேல் நோக்கி வீசும். கீழேயிருந்து போனால் மனித வாடை முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே மலையைச் சுற்றிப் பின்புறமாக ஏறி, முகட்டுக்கு வந்து, கீழே பார்த்தோம். முந்நூறு கஜ தூரத்தில் மார்பு ஜாலர் காற்றில் ஆட, ஒரு கிழக் கிடா நின்றது. அத்தனை கம்பீரமான பிராணியை நான் கண்டதில்லை. பையன் மூச்சை அடக்கிக் குறி பார்த்தான். வெடிச் சத்தம் மலைக்கு மலை எதிரொலித்தது. கிடா நாலு அடி எடுத்து வைத்துச் சாய்ந்தது. மற்றவை கல் சரியச் சரிய ஓடி, அடுத்த முகட்டில் நின்று திரும்பிப் பார்த்தன.

கிழவர் பையனுடைய கையைக் குலுக்கினார். பிறகு, "இது உன் வீட்டுச் சுவருக்கு. இனி இந்த மலைக்காக ஒன்று சுடு. அதோ நிற்கிற பெட்டை, அதற்குக் கட்டணம் வேண்டாம்" என்றார்.

பையனுடைய முகம் மாறிவிட்டது. "பெட்டையா? இந்த மாதத்தில் சினையாகக்கூட இருக்குமே!" என்றான். வேட்டை ஆடினாலும் நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை அல்லவா?

கிழவர் வடக்கே கை காட்டினார். அங்கே சியர்ரா டயாப்லோ, அதாவது சாத்தான் மலை, நீல நிறமாகத் தெரிந்தது. "அங்கேதான் எங்கள் சொந்த ஆடு கடைசியாக உயிரைப் பிடித்துக் கொண்டிருந்தது" என்றார்.

அவர் சொன்னது பாலைவனப் பெருங்கொம்பாட்டை. இந்த மலைகளின் வீட்டுக்காரர் அதுதான். வரையறையில்லாத வேட்டையும், வீட்டுச் செம்மறிகளிடமிருந்து தொற்றிய நோயும், கம்பி வேலிகளும் அதைத் தீர்த்துக் கட்டின. 1903-இல் அதைச் சுடக் கூடாதென்று சட்டம் வந்தது. 1945-இல் சியர்ரா டயாப்லோவில் சரணாலயம் வந்தது. இருந்தும், 1960-களின் தொடக்கத்தில் டெக்ஸாஸில் பூர்விகப் பெருங்கொம்பாடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அரிசோனா முதலிய பிற மாகாணங்களிலிருந்து கொண்டுவந்து, பல்லாண்டு பாடுபட்டுத்தான் அந்த வம்சத்தை மறுபடி நிலைநாட்டினார்கள். அந்த நிலைக்குத்தான் இப்போது அவுடாட்டினால் அபாயம். மேய்ச்சலிலும் நீர்நிலையிலும் அது கூட்டமாக வந்து பெருங்கொம்பாட்டைத் தள்ளிவிடுகிறது. அதைவிடக் கொடியது, பெருங்கொம்பாட்டின் நுரையீரலைத் தாக்கும் ஒரு கிருமியை அவுடாட் சுமந்து திரிகிறது. அவுடாட் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் அந்த நோய் பெருங்கொம்பாட்டுக்கு எமன். 2019-இல் பிளாக் காப் என்னும் வனவிலங்குப் பிரதேசத்தில் அந்த நோய் புகுந்து பெருஞ்சேதம் விளைவித்தது.

"கிடாவைச் சுட்டால் கூட்டம் குறையாது. ஒரு கிடா போனால் இன்னொரு கிடா வரும். கணக்கைக் குறைப்பது பெட்டைதான். ஆனால் அதைச் சுடப் பணம் கொடுத்து யாரும் வருவதில்லை" என்றார் கிழவர்.

பையன் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

சினைப் பசுவை விரட்டினாலே பாவம் என்று என் தாயார் சொல்லிக் கேட்டவன் நான். அந்த வாக்கு என் நாவின் நுனி வரையில் வந்தது. ஆனால் வடக்கே தெரிந்த மலையிலும் தாய்களும் குட்டிகளும் இருக்கின்றனவே, அவற்றுக்கு யார் பேசுவார்கள் என்ற எண்ணமும் கூடவே வந்தது. "கிழவர் இந்த மலையில் பிறந்தவர். அவர் சொல்வதைக் கேள்" என்றேன். இரண்டாவது வெடியும் எதிரொலித்தது.

இரண்டு பிராணிகளின் மாமிசத்தையும் துண்டு போட்டு, முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. பையன் வழி நெடுகக் கிடாவைப் பற்றிப் பேசினான். பெட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே சரியென்று எனக்குப் பட்டது. செய்ய வேண்டிய காரியமாயிருந்தாலும் அது பெருமை பேசக்கூடிய காரியமல்ல.

ஏனெனில் அந்தப் பெட்டை செய்த குற்றம் ஒன்றுமில்லை. அதன் பிறந்தகத்தில், வேட்டையினாலும் கால்நடைப் பெருக்கத்தினாலும் அதன் இனம் குறுகி, அழியக்கூடிய ஜாதிகளின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சகாராவில் அதைக் காப்பது தர்மம். டெக்ஸாஸில் அதைக் குறைப்பது தர்மம். ஒரே உயிருக்கு இரண்டு தர்மங்களை உண்டாக்கினவன், பொழுதுபோக்குக்காக அதைக் கப்பலேற்றிய மனிதன். கிடாவுக்கு விலை வைத்திருக்கும் வரையில் பண்ணைக்காரர்களுக்கும் அவுடாட் அடியோடு ஒழிய மனம் வராது. அரசாங்க இலாகாவினர் பெருங்கொம்பாட்டுப் பிரதேசங்களில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் குறைத்தும் வருகிறார்கள்.

2024 டிசம்பரில் அந்த இலாகாவினர் மற்றொரு காரியமும் செய்தார்கள். நோய் தொடாத பெருங்கொம்பாடுகளை எலிபெண்ட் மலையிலிருந்து பிடித்து, எல் பாசோ நகரத்தை ஒட்டிய பிராங்க்ளின் மலைகளில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த மலைகளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கே அவுடாட் இல்லை என்பது. வீட்டுக்காரருக்குத் தம் சொந்த தேசத்திலேயே, விருந்தாளி வராத ஒரு வீடு தேட வேண்டியிருக்கிறது! அந்த வீட்டு வாசலையாவது அவர்கள் விழிப்புடன் காக்க வேண்டும்.