அரவை மில்லும் கணினி இசையும்

இசையைப் பற்றி எழுத இயற்பியல் மாணவிக்கு என்ன தகுதி என்று தோழியர் கேட்கக்கூடும். எனக்குச் சுரம் தெரியாது. தாளம் போடவும் வராது. ஆனால் ஒன்று சொல்லிக்கொள்ளலாம். திருக்காட்டுப்பள்ளியில், காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு நெல் அரவை மில்லின் சத்தத்தில் வளர்ந்தவள் நான். அங்கே என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகளாக மிஷின் ஓட்டுகிறார்.

பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாட்டுத் தூக்கு என் பொறுப்பு. ஹல்லரின் உறுமல், சல்லடையின் கடகடப்பு, பெல்ட்டின் பட்பட் என்ற அடி எல்லாம் எனக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். அப்பாவுக்கோ தனித்தனியாகக் கேட்கும். முதல் கவளத்தை எடுத்தவர் தலையைச் சாய்த்து, "கத்தி இறுகிடுச்சும்மா, நொய் விழுது" என்று கையை உதறிவிட்டு எழுந்து ஓடுவார். போய்ப் பார்த்தால் அரிசி உடைந்துதான் விழுந்துகொண்டிருக்கும்.

இந்த இரைச்சலையே இசையாக்கியவர்கள் உலகில் உண்டு என்பதைக் கல்லூரிக்கு வந்தபின் தோழி ஒருத்தியின் கைப்பேசியில்தான் அறிந்தேன். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்தில் 1970இல் தொடங்கிய ஒரு குழுவின் பெயர் 'கிராஃப்ட்வெர்க்'. அந்தச் சொல்லுக்கு மின் நிலையம் என்று பொருள். இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் 1973இல் தோன்றியது 'காபரே வோல்டேர்'. 1976இல் லண்டனில் 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்ற இசைத்தட்டு நிறுவனம் ஏற்பட, இவ்வகைக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. இருண்ட, முரட்டு இசை. முதன்முறை கேட்டபோது, தூக்கை எடுத்துக்கொண்டு மில் வாசலில் நிற்பது போலவே இருந்தது எனக்கு.

நம் பக்கத்தில் இதற்கு நேரான இசை இல்லை. ஆயினும் இயந்திரத்தைத் துணிந்து பாட்டுக்குள் கொண்டுவந்தவர் நம்மிடமும் இருக்கிறார். 1976இல் 'அன்னக்கிளி' மூலம் வயல் வரப்பின் மெட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்த இளையராஜா, சரியாகப் பத்தாண்டு கழித்து, 1986 தீபாவளிக்கு வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் கணினியைக் கொண்டு இசை கோத்தார். இந்தியத் திரைப்படங்களில் அது தொடக்க கால முயற்சிகளுள் ஒன்று. செய்முறை எளிது. எந்த ஒலி, எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தத்தில் என்பதை எண்களாகப் பதிந்து வைத்தால் இயந்திரம் இம்மி பிசகாமல் வாசிக்கும். வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 'மிடி' என்ற பொது மொழி 1983இல் வந்தது.

(இம்மி பிசகாமல் அடிப்பதுதான் பெருமை என்றால், மோட்டாரைப் போட்டதும் மணியும் முரசும் தானே முழங்கும் கோயில் மின்மேளத்துக்குத்தான் முதல் பரிசு தர வேண்டும். அது தொடங்கியதும் எங்கள் தெரு நாய்கள் கூடவே பாடும்.)

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை 'புன்னகை மன்னன்' இசையை ஹெட்போனில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். தாளம் மட்டும் தனியே ஓடிய இடத்தில் முகம் சுளித்தார். "லோடு இல்லாம ஓடுற மிஷினு மாதிரி இருக்கும்மா." வயலின்களும் குரலும் மேலே வந்து உட்கார்ந்ததும் தலையாட்டினார். "இப்ப நெல்லு விழுந்துடுச்சு."

இசை விமரிசனம் என்று நான் படித்தவற்றில் இதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வெறும் தாளப்பெட்டி தொட்டியில் நெல் இல்லாத ஹல்லர்தான். வேகமாகச் சுற்றும், ஒன்றும் வெளியே வராது. மனிதர் வாசிப்பின் கனம் மேலே ஏறிய பிறகே அந்தச் சுழற்சிக்கு வேலை வருகிறது. இளையராஜாவுக்கு இது தெரிந்திருக்கிறது. அவர் இயந்திரத்தைக் கொண்டுவந்தார், வயலின்காரர்களை அனுப்பிவிடவில்லை. இன்றைய பாட்டுகள் பலவற்றில் லோடே இல்லை என்பது என் எண்ணம். தோழியர் சண்டைக்கு வரலாம்.

அதே 1986இல் அவர் 'ஹௌ டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பையும் வெளியிட்டார். பாட்டு இல்லை, படம் இல்லை, வி. எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே நடக்கிறது. தியாகராசருக்கும் ஜெர்மானிய மேதை பாஹுக்கும் காணிக்கை. தியாகராசர் வாழ்ந்த திருவையாறு எங்களுக்குக் கிழக்கே, பேருந்தில் ஏறினால் போய்விடலாம். தை மாத ஆராதனைக்கு எங்கள் ஊரிலிருந்து பலர் போவார்கள். அப்போதுதான் சம்பா அறுவடையாகி மில்லில் மூட்டை குவியும் என்பதால் அப்பா ஒருமுறையும் போனதில்லை. ஆகவே அதை அவசியம் கேட்க வேண்டும் என்று போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிறிது நேரம் கழித்து,

"வயலின் நின்னுடுச்சாம்மா?" என்றார்.

ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தேன். வயலின் மேல் சுரங்களில் இழைந்துகொண்டிருந்தது.

85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் நாள்தோறும் 8 மணி நேரம் பல்லாண்டு நின்றால் செவி கெடும் என்பதும், அக்கேடு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளில்தான் தொடங்கும் என்பதும் நான் பாடத்தோடு படித்தவை. அன்று இரவு கைப்பேசியில் ஒவ்வோர் அதிர்வெண்ணாக ஒலிக்கவிட்டு, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். 250, 500, 1000 வரை கை உடனே எழுந்தது. 4000இல் எழவில்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, எப்போது வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் உதவித்தொகையில் ஒரு ஜோடி காதடைப்பான் வாங்கிப் போனேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார்.

"இத வச்சிக்கிட்டா மிஷினு பேசுறது கேக்காதேம்மா" என்கிறார்.

அது இன்னும் மாடத்தில்தான் இருக்கிறது.