சானடோரியத்துக்கு அடுத்த ஸ்டேஷன்

சைதாப்பேட்டையில் ரயில் ஏறினால் பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டி தாம்பரம் சானடோரியம் வரும். 1973-ல் ஏழு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல், அம்மாவும் நானும் அந்த ஸ்டேஷனில் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஸ்டேஷனான தாம்பரத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக வந்த திசையிலேயே திரும்பி நடந்தோம்.

அப்பா இருந்தது சானடோரியத்தில்தான். ஆனால் ஆஸ்பத்திரி பார்வை நேரத்தில் கையில் கேரியரோடு அங்கே இறங்குகிறவர்கள் வீட்டில் என்ன நோய் என்று பெட்டியில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் தெருக்காரர் யாராவது ஒருவர் அந்த வண்டியில் இல்லாமல் இருக்கமாட்டார். "தாம்பரத்துல பெரியம்மா வீடு, உடம்பு முடியாம இருக்காங்க" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். எங்களுக்குத் தாம்பரத்தில் பெரியம்மா யாரும் கிடையாது. யாராவது கேட்டால் நானும் அதையே சொல்லவேண்டும். ஒன்பது வயதில் நான் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் பெரிய பொய் அது. இல்லாத பெரியம்மாவுக்கு நானாக ஒரு கண்ணாடி மாட்டிவிட்டு, ஒரு பசுமாடும் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனி எப்போதும் கறுத்தே இருக்கும். மூன்று வருஷம் முன்பே ஒரு தடவை அவருக்கு டி.பி. வந்திருந்தது. ஊசி போட்டு, மாத்திரை சாப்பிட்டு, ஆறு மாதத்தில் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. அதோடு மருந்தை நிறுத்திவிட்டார். அந்தக் காலத்து மருந்தை ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் விடாமல் சாப்பிடவேண்டும். இருமல் நின்ற பிறகும் மாத்திரைக்காக அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்? ஒரு நாள் காலை குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கல்லில் துப்பியதைப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கல் கழுவப்பட்ட பிறகும் அதன் ஓர இடுக்கில் ஒரு சிவப்பு நூல் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். வார்டுக்கு முன்னால் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் என்னை நிறுத்திவிட்டு அம்மா மட்டும் உள்ளே போவாள். கொஞ்ச நேரத்தில் அப்பா நீளத் தாழ்வாரத்துக்கு வருவார். தோளில் துண்டு, அதன் ஒரு முனை எப்போதும் வாய்ப் பக்கம். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நின்று "டேய் தம்பி, சாப்டியா?" என்று கேட்பார். சத்தமாகப் பேசினால் இருமல் வந்துவிடும் என்பதால் அதற்குமேல் பேச்சு ஓடாது. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

அச்சு எழுத்து கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறி இருக்கும். கம்பாசிட்டர்களுக்கு அதை அப்படியே வாசிக்க வரும், அப்பாவுக்கு அப்படியே எழுதவும் வரும். மாத்திரை மடித்துக் கொடுத்த தாளில் பென்சிலால் நாலு வரி எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அம்மா தாளை என் கையில் தரமாட்டாள். எழுதின பக்கம் தன் முகத்துக்கு இருக்கும்படி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பாள். நான் இந்தப் பக்கம் நின்று வாசிப்பேன். வெளிச்சம் ஊடுருவும்போது எழுத்தெல்லாம் நேராகிவிடும். 'இன்று இரண்டு முட்டை. எடை ஒரு பவுண்டு ஏறியிருக்கிறது. ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா?' நான் ஏழாம் வாய்ப்பாட்டை மரத்தடியில் நின்று கத்துவேன். தாழ்வாரத்தில் மற்ற நோயாளிகளும் வந்து நின்று கேட்பார்கள். தப்பு வந்தால் யாரோ ஒரு தாத்தா விரலைக் காட்டித் திருத்துவார்.

அந்தத் தாழ்வாரம் ஏன் அவ்வளவு நீளம், ஜன்னல் ஏன் அவ்வளவு பெரிசு என்று பிறகுதான் புரிந்தது. டி.பி.க்கு மருந்தே இல்லாத காலத்தில் தொடங்கின இடம் அது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து பச்சைமலை அடிவாரத்தில் அதைத் தொடங்கியபோது நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை இவைதான் வைத்தியம். அதற்கு முன்பே அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்திவந்தார். அங்கே சில காலம் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களில் கணித மேதை ராமானுஜனும் ஒருவர். "ராமானுஜத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிடா இது" என்று அப்பா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஏழு மாதத் தனிமையில் அவர் சேர்த்து வைத்த ஒரே பெருமை அதுதான். ராமானுஜனுக்கு வந்தது டி.பி.யே இல்லை, வேறு நோயாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்த மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

டி.பி. ஊசியான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948-ல் இதே நோயில்தான் போனார். எங்களுக்கு அந்த ஊசி கிடைத்தது. அதற்காக அது வாங்கிக்கொண்டதும் உண்டு. அப்பாவுக்குக் காதில் ஓயாத இரைச்சல். வெளிச்சம் இருந்தால் நேராக நடப்பார், விளக்கை அணைத்துவிட்டால் கால் தள்ளாடும். ராத்திரி கரண்டு போனால், பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். கடைசிவரை அப்படித்தான்.

அவர் டிஸ்சார்ஜ் ஆன அன்று அம்மாவை மரத்தடிவரை கொண்டுவந்துவிட்ட சிஸ்டர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சளியில கிருமி இல்லன்னு ரிப்போர்ட் வந்தாச்சும்மா. இது காத்துல பரவுற நோய். தட்டு தம்ளரெல்லாம் தனியா வைக்கவேண்டாம்." அம்மா வைக்கவில்லை. அப்பாதான் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்த, தாத்தா பெயர் வெட்டின எவர்சில்வர் தம்ளரை அவரே கழுவி, சமையலறை ஜன்னலில் கவிழ்த்து வைப்பார். நாங்கள் யாரும் அதைத் தொடக்கூடாது. என் மகள் இரண்டு வயதில் அதை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எங்களுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நோய் அவரை விட்டுப் போய் அப்போதே பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

வேலைக்குப் போன பிறகுதான் சேத்துப்பட்டு ஆராய்ச்சி பற்றிப் படித்தேன். ராமானுஜன் 1920-ல் கண்மூடிய அதே சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும், பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது, எடையும் கூடுதலாக ஏறியது. ஆனால் குணமானவர்கள் கணக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மருந்து தொடங்கிய பிறகு வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவு வெளிவந்து, உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட அதுவும் ஒரு காரணமாயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து மைல் தூரத்தில், நான் பிறப்பதற்கும் முன்பே தெரிந்துவிட்ட விஷயம் அது. அப்பாவை மரத்தடியில் நின்று பார்த்திருக்கவே வேண்டாமே என்று அம்மாவிடம் கொட்டினேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "வீட்ல வச்சிருந்தா வீட்டுக்காரர் விட்டிருப்பாரா?" என்றாள். பதினோரு குடித்தனத்துக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ். யாருக்காவது தெரிந்திருந்தால் அன்று சாயங்காலமே எங்கள் பாத்திரமெல்லாம் தெருவில் கிடந்திருக்கும். எந்த டாக்டரும் கணக்கில் சேர்க்காத அந்தக் கிருமிக்குப் பயந்துதான் நாங்கள் தாம்பரம்வரை டிக்கெட் எடுத்தோம்.

பிறகு அந்த ஸ்டேஷன் மாறிப்போயிற்று. 1984-ல் பக்கத்தில் மெப்ஸ் என்ற ஏற்றுமதி வளாகம் வந்தது. மெப்ஸ் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். அவர்கள் வாயில் சானடோரியம் என்பது சும்மா ஓர் ஊர்ப் பெயர். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

2003-ல் என்னோடு பள்ளியில் படித்த நண்பன் அதே சானடோரியத்தில் படுத்தான். எய்ட்ஸ் நோயாளிகளை மற்ற இடங்களில் தொடவே தயங்கிய 90-களிலேயே அந்த ஆஸ்பத்திரி அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. நான் போனபோது அவன் மனைவி தாழ்வாரத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஊர்ல கேட்டா டி.பி.ன்னுதாண்ணா சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்றாள். சரிம்மா என்றேன். என் அம்மா உயிரைக் கொடுத்து மறைத்த பெயரை, இந்தப் பெண் மறைப்பாகப் போர்த்திக்கொண்டு நின்றாள். வேப்பமரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நினைத்தேன். பார்க்காமலே வந்துவிட்டேன்.

(2004 ஏப்ரலில் நாட்டிலேயே முதன்முதலாக எட்டு ஆஸ்பத்திரிகளில் அரசு எய்ட்ஸுக்கு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரமும் அவற்றில் ஒன்று. அவன் அதுவரை தாக்குப்பிடித்தான். இன்றைக்கும் இருக்கிறான்.)

வீட்டில் அம்மாவிடமும் டி.பி. என்றே சொன்னேன். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவள் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டி.பி.தானே, நல்லாயிடும். ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றாள். சனிக்கிழமையே பரணிலிருந்து பழைய கேரியரை இறக்கச் சொல்லிப் புளி போட்டுத் தேய்த்தாள். மிளகு ரசம், முட்டை, கீரை மசியல்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். குரோம்பேட்டை போயிற்று. வண்டி வேகம் குறைந்து நின்றது. கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பழக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேரியரோடு நின்றிருந்தாள்.

"சானடோரியம் வந்தாச்சுடா, எறங்கு" என்றாள், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.